என்ன கறை, அண்ணாச்சி?

தமிழில் அதிகம் பேர் படிக்கிற இலக்கியம் எது? நாவல் இல்லை. கவிதை சத்தியமாக இல்லை. ராசிபலன் கொஞ்சம் போட்டி போடும். ஆனால் முதல் பரிசு, என்னைக் கேட்டால், வீட்டுக் குறிப்புக்குத்தான். செல்லமாக, 'டிப்ஸ்'.

பத்திரிகையின் மூலையில் ஒரு கட்டம். அதற்குள் நாலு வரி. கீழே எழுதியவர் பெயர், ஊர். பல வருஷம் இப்படியே வந்தது. அப்புறம் அதையெல்லாம் திரட்டி, '1001 டிப்ஸ்' என்று இலவச இணைப்பாகக் கொடுத்தார்கள். அந்த இணைப்பு புத்தகமாகி பஸ் ஸ்டாண்டுகளில் தொங்கியது. இன்றைக்கு அதே குறிப்புகள் செல்போனில் பின்னணி இசையோடு ஓடுகின்றன. ஊடகம் மாறியிருக்கிறது. நாலு வரி மாறவில்லை.

இவ்வளவு பேர் படிக்கிற ஒரு எழுத்து வகைக்கு இதுவரை யாராவது விமர்சனம் எழுதியிருக்கிறார்களா? மூணு மணி நேரப் படத்தைக் கிழித்துத் தோரணம் கட்டுகிறோம். நாவல் என்றால் 'இது நாவலே இல்லை' என்று பத்துப் பக்கம் எழுத ஆள் இருக்கிறது. டிப்ஸை மட்டும் எல்லோரும் அப்படியே நம்புகிறோம், அல்லது அப்படியே பக்கத்தைத் திருப்புகிறோம். படம் மோசம் என்றால் போவது டிக்கெட் காசு. டிப்ஸ் மோசம் என்றால் போவது சட்டை. சில சமயம் சட்டைக்கு உள்ளே இருக்கிற தோல்.

ஆகவே இந்த வாரம் டிப்ஸ் விமர்சனம். எல்லாவற்றையும் எடுத்தால் தாங்காது. ஒன்றே ஒன்று: 'துணியில் பட்ட பசைக் கறை போக...'

*

இந்தக் குறிப்பின் இலக்கணம் எளிமையானது. முதல் வரியில் சிக்கல்: துணியில் பசை பட்டுவிட்டதா? இரண்டாவது வரியில் பொருள்: நெயில் பாலிஷ் ரிமூவர், அல்லது வினிகர், அல்லது சமையல் சோடா, அல்லது பெட்ரோல், அல்லது ஐஸ் கட்டி. மூன்றாவது வரியில் அற்புதம்: கறை இருந்த இடமே தெரியாது. இந்த மூன்றாவது வரியில்தான் 'மாயமாய்' என்ற சொல் வரும். 'பளிச்' வரும். 'போயே போச்சு' வரும்.

கவனித்தீர்களா? இந்த வகை எழுத்தில் 'போகாது' என்ற சொல்லே கிடையாது. உலகத்தில் போகாத கறையே இல்லை என்று நம்பும் ஒரே இலக்கியம் இதுதான். பக்தி இலக்கியத்தில்கூட முன்வினை என்று ஒன்றுக்கு இடம் உண்டு.

அடுத்த குறை இன்னும் பெரிசு. 'பசை' என்கிறதே, எந்தப் பசை? 'துணி' என்கிறதே, எந்தத் துணி? பட்டு எத்தனை நேரம் ஆச்சு? ஒன்றுக்கும் பதில் இல்லை. நோயாளியைப் பார்க்காமல், நோய் என்னவென்று கேட்காமல், 'மாத்திரை சாப்பிடவும், சரியாகிவிடும்' என்று எழுதித் தருகிற டாக்டர் மாதிரி.

நான் படித்தது பி.காம். கெமிஸ்ட்ரிக்கும் எனக்குமான உறவு பத்தாம் வகுப்போடு முடிந்தது. ஆனால் கணக்குப் பதிவியல் படித்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் ஒரு தொகையையும் எழுத மாட்டான். இந்தக் குறிப்புகள் நாலைந்து தனித்தனிக் கணக்கை ஒரே பேரேட்டுப் பக்கத்தில் போட்டுக் குழப்புகின்றன. பிரித்துப் பார்ப்போம்.

*

முதல் கணக்கு, மைதாப் பசை. நம்ம ஊர் சுவர்களைத் தாங்கி நிற்பது. தேர்தலானாலும் சினிமாவானாலும் போஸ்டர் என்றால் வாளியில் இதுதான். மைதாவையோ மரவள்ளி மாவையோ தண்ணீரில் கரைத்துக் காய்ச்சுவார்கள். பூச்சி அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் சேர்ப்பதும் உண்டு. இதில் ஒட்டுகிற சரக்கு ஸ்டார்ச். சோறு வடித்த கஞ்சிக்கு அண்ணன் முறை. இது பட்டால் பயப்பட ஒன்றுமில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப் போட்டால் இளகும். என்சைம் கலந்த சோப்புத் தூள் என்றால் இன்னும் சுலபம். இதற்குப் போய் நெயில் பாலிஷ் ரிமூவர் தேய்த்தால் பசைக்கு ஒன்றும் ஆகாது. சாயம்தான் போகும்.

இரண்டாவது, வஜ்ஜிரம். பழைய தச்சுப் பட்டறைகளில் சட்டியில் காய்ந்துகொண்டிருக்குமே, அது. மாட்டுத் தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்தது. பழைய ஆசாரிகளுக்கு அந்த வாசனை இன்னும் ஞாபகம் இருக்கும். தீக்குச்சி முனையில் மருந்தைப் பிடித்து வைத்திருப்பதும் இந்த ஜாதிப் பசைதான். சுடுதண்ணீர் பட்டால் உருகும்.

மூன்றாவது, வெள்ளைப் பசை. கம்பெனிப் பெயரையே பொதுப்பெயராக்கி 'ஃபெவிக்கால்' என்கிறோம். பல்வந்த்ராய் பரேக் 1959-ல் மும்பையில் தொடங்கிய கம்பெனியின் சரக்கு. வஜ்ஜிரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தது. ராஜஸ்தான் பாலைவனத்தில் கூரை மேலும் பக்கவாட்டிலும் ஆட்கள் ஒட்டிக்கொண்டு போகிற பஸ் விளம்பரம் நினைவிருக்கும். அந்தப் பசை பாட்டிலில் இருக்கும்வரை தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் துளிகள். ஈரமாக இருக்கும்போதே குழாயடியில் பிடித்தால் பால் மாதிரி ஓடிவிடும். காய்ந்துவிட்டால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு தோலாகிவிடும். அப்புறம் வெந்நீரில் ஊற வைத்து, இளகினதும் நகத்தால் உரித்து, மிச்சத்துக்கு ஸ்பிரிட் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். பொறுமைதான் பாதி மருந்து.

'மேலே காகிதம் வைத்து அயர்ன் பண்ணவும்' என்று ஒரு டிப்ஸ் உலவுகிறதே, அது மெழுகுக்கானது. ஃபெவிக்கால் மேல் வைத்தால் பசை இளகி நூலுக்கு உள்ளே இறங்கும். கறையை ஸ்திரப்படுத்துவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

நான்காவது, செருப்பு ஒட்டுகிற மஞ்சள் ரப்பர் பசையும் ஸ்டிக்கர் பிசினும். சூயிங்கம்மும் கிட்டத்தட்ட சொந்தக்காரன். ஐஸ் கட்டி டிப்ஸ் பிறந்தது சூயிங்கம்முக்காக. குளிர்ந்தால் இறுகும், இறுகினால் உதிரும். அது உண்மை. ஆனால் அதே ஐஸை மைதாப் பசை மேல் தேய்த்தால் கை விறைப்பதுதான் மிச்சம்.

ஐந்தாவது... அதற்குத் தனியாக வருகிறேன். அது வேறு ஆள்.

நடுவில் வினிகர், சமையல் சோடா கூட்டணி பற்றி ஒரு வார்த்தை. இரண்டையும் கலந்தால் நுரைத்துக்கொண்டு பொங்கும். பார்க்க ஜோராக இருக்கும். வீடியோக்காரர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஒன்று அமிலம், இன்னொன்று காரம். ஒன்றை ஒன்று சாப்பிட்டுவிட்டு, மிஞ்சுவது கொஞ்சம் உப்புத் தண்ணீர். பி.காம். பாஷையில் சொன்னால், பற்றும் வரவும் சரிக்குச் சரி, கையிருப்பு பூஜ்யம். பொங்கினது கறை போகும் சத்தம் இல்லை. கணக்கு நேராகும் சத்தம்.

*

இப்போது ஒரு சின்ன பஸ் பயணம். ராஜபாளையத்தில் ஏறினால் ஸ்ரீவில்லிபுத்தூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். நடுவில் வன்னியம்பட்டி. மேற்கே மலை கூடவே வரும். மதுரைக்கோ குற்றாலத்துக்கோ போகிற நகரத்து ஆட்களுக்கு வன்னியம்பட்டி ஜன்னலில் கடந்து போகிற ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவுதான். ஆனால் பசைக் கறையைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போக முடியாது. இந்த வட்டாரமே பசையால் ஓடுகிறது. பசையை எடுப்பதாலும் ஓடுகிறது.

கிழக்கே சிவகாசி. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள் என்பது பாடப்புத்தகக் கதை. அதற்கப்புறம் தீப்பெட்டி, பட்டாசு, காலண்டர், நோட்டுப் புத்தகம் என்று வரிசையாக வந்தன. எல்லாமே காகிதத்தையும் அட்டையையும் ஒட்டுகிற தொழில். கைத்தொழிலாகத் தீப்பெட்டி செய்த காலத்தில் பெட்டி ஒட்டுகிற வேலை வீட்டுத் திண்ணைக்கே வந்தது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பசையிலேயே ஊறிய பெண்கள் இந்தப் பக்கத்து ஊர்களில் ஏராளம்.

தெற்கே ராஜபாளையத்தை ஒட்டி சத்திரப்பட்டி. அதைச் சுற்றி இருக்கிற ஊர்கள். ராஜபாளையம் நூற்பாலை ஊர். முதல் மில் 1936-ல் வந்தது. சத்திரப்பட்டி பேண்டேஜ் ஊர். ஆஸ்பத்திரியில் காயத்துக்குச் சுற்றுகிறார்களே வெள்ளைத் துணி, அது இங்கே விசைத்தறிகளில் நெய்யப்பட்டு நாடு முழுக்கப் போகிறது. நம் டிப்ஸ் எழுத்தாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி இங்கேதான் இருக்கிறது.

தறியில் ஏற்றுகிற பாவு நூலை அப்படியே ஏற்ற முடியாது. ஓட்டத்தில் உரசி உரசி அறுந்துபோகும். அதனால் நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். ஸ்டார்ச் பசை. நூல் விறைத்துக்கொண்டு தாங்கும். ஆக, துணியாகப் பிறக்கும்போதே அது பசையோடுதான் பிறக்கிறது. சட்டைத் துணிக்கு அது போனாலும் இருந்தாலும் பெரிய வித்தியாசமில்லை. காயத்துக் கட்டுத் துணிக்கு அப்படி இல்லை. பசை இருந்தால் ஈரத்தை உறிஞ்சாது. ரத்தத்தை உறிஞ்சாத பேண்டேஜால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

எனவே நெய்த துணியிலிருந்து அந்தப் பசையைக் கடைசித் துளிவரை எடுத்தாக வேண்டும். எண்ணெய்ப் பசையும் போக வேண்டும். பிறகு வெளுக்க வேண்டும். சத்திரப்பட்டி மாதிரி ஊர்களின் பிழைப்பில் பாதி, 'துணியில் பட்ட பசைக் கறை போக' என்ற நாலு வரிதான். அவர்கள் அதை நாலு வரியில் எழுதவில்லை. தொழிலாகச் செய்கிறார்கள்.

எப்படி எடுக்கிறார்கள்? ஸ்டார்ச்சைத் தின்கிற என்சைம் ஒன்று உண்டு. அமிலேஸ் என்று பெயர். ஸ்டார்ச்சை உடைத்துத் தண்ணீரில் கரைகிற சர்க்கரையாக்கிவிடும். 1833-ல் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள், பாயென், பெர்ஸோ, முளைகட்டின தானியத்திலிருந்து இந்தச் சரக்கைப் பிரித்தெடுத்தார்கள். நம் எச்சிலிலும் இதே ஜாதி என்சைம் இருக்கிறது. சோற்றை ரொம்ப நேரம் மென்றால் இனிக்கிறதே, அதன் வேலைதான். துணி ஆலைகளில் இதைத் தொட்டியில் கலந்து, அதற்கேற்ற சூட்டில், அதற்கேற்ற நேரம் ஊறப் போடுகிறார்கள். சூடு கூடினால் என்சைம் செத்துப்போகும். குறைந்தால் தூங்கும்.

முடிந்ததா? இல்லை. போயிற்றா என்று சோதிக்க வேண்டும். அயோடின் கரைசலில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். நீலமாக மாறினால் பசை இன்னும் இருக்கிறது. மறுபடி தொட்டி. மருத்துவப் பஞ்சுக்கு இன்னொரு சோதனை: தண்ணீரில் போட்டால் பத்து விநாடிக்குள் மூழ்க வேண்டும். மிதந்தால் தேறவில்லை என்று அர்த்தம்.

என்ன பசை என்று தெரிந்துகொள்வது. அதற்கான மருந்தை மட்டும் போடுவது. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று சொல்வது. போயிற்றா என்று சோதிப்பது. இந்த நான்கில் ஒன்றாவது நம் நாலு வரிக் குறிப்பில் உண்டா? இல்லை. அங்கே இருப்பது 'பளிச்' ஒன்றுதான்.

இந்தப் பக்கத்தில் சாய்ப்பு, வெளுப்பு தெரிந்த ஆளிடம் போய், 'அண்ணாச்சி, சட்டையில கறை பட்டுருச்சு' என்று சொன்னால் முதலில் மருந்து சொல்ல மாட்டார். 'என்ன கறை? எப்பப் பட்டுச்சு? கொண்டாங்க, துணியப் பாப்போம்' என்பார். அந்த மூன்று கேள்விதான் தொழில். மீதி எல்லாம் சோப்பு.

சலவைத் தொழிலாளர்களின் பழைய வித்தையும் இப்படித்தான். உவர்மண், வெள்ளாவி என்று ஒவ்வொரு அழுக்குக்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள். அவர்களுடைய கணக்குப் பதிவு முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எந்தத் துணி எந்த வீட்டுது என்று தெரிய மூலையில் சேங்கொட்டைச் சாற்றால் ஒரு குறி போடுவார்கள். எத்தனை வெளுத்தாலும் போகாத கறை அது. கறையைப் போக்குகிறவர்களே போகாத கறை எது என்று தெரிந்து, அதை வைத்துக் கணக்கு எழுதினார்கள். 'போகாது' என்ற சொல்லை மதித்தவர்கள்.

*

இப்போது அந்த ஐந்தாவது ஆள். விளையாட்டுப் பேச்சு இங்கே நிற்கட்டும்.

சின்ன ட்யூபில் வருகிறதே, ஒரு சொட்டில் ஒட்டுகிற பசை. ஃபெவிக்விக் என்றோ சூப்பர் க்ளூ என்றோ கேட்டு வாங்குகிறோம். பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குகிறது. சயனோ அக்ரிலேட் என்பது அதன் ரசாயனப் பெயர். இரண்டாம் உலகப் போர் சமயம், 1942-ல், துப்பாக்கிக் குறிகாட்டிக்கு நல்ல கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தேடியபோது அமெரிக்காவில் கோடக் கம்பெனியின் ஹாரி கூவர் குழுவிடம் அகப்பட்டது. தொட்டதெல்லாம் ஒட்டிக்கொண்டதால் வேண்டாமென்று ஒதுக்கிவிட்டார்கள். அதுதானே அதன் குணமே என்று பிற்பாடு புரிந்து, 1958-ல் கடைக்கு வந்தது.

இந்தப் பசை காய்வதற்குக் காற்று தேவையில்லை. ஈரம் போதும். பொருளின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிற ஈரமே போதும். இறுகும்போது சூடு வெளியிடும். மேஜை மேல் ஒரு சொட்டு என்றால் அந்தச் சூடு தெரியாது. பருத்தித் துணியிலோ பஞ்சிலோ கம்பளியிலோ கொட்டினால் கதை வேறு. நூல் நூலாகப் பரவி, ஒரே நேரத்தில் மொத்தமும் இறுகும். புகை வரும். தோலைச் சுடும். துணி வழியாக இந்தப் பசை பட்டுக் குழந்தைகளுக்குத் தீக்காயம் ஏற்பட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. தயாரிப்பாளர்களும் எச்சரிக்கை போடுகிறார்கள், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற எழுத்தில்.

இப்போது நம்ம டிப்ஸுக்கு வாருங்கள். 'உடனே பஞ்சால் ஒற்றி எடுக்கவும்.' காபிக் கறைக்கு அருமையான யோசனை. ஈரமான சூப்பர் க்ளூவுக்கு, இருக்கிற யோசனைகளிலேயே மோசமானது. பஞ்சைக் கையில் பிடித்துக்கொண்டு பசையைத் தொடச் சொல்கிறது. எந்தப் பசை என்று கேட்காத ஒரே குற்றம், ஒரு சாதாரணக் குறிப்பை ஆபத்தாக மாற்றுகிறது. நான் இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் இதுதான். மற்றபடி சட்டை போனால் போகட்டும்.

அந்த டிப்ஸின் அடுத்த வரியையும் பாருங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர். காய்ந்துபோன சூப்பர் க்ளூவை அசிட்டோன் இளக்கும் என்பது சரி. ஆனால் இப்போது கடையில் கிடைக்கிற ரிமூவர்களில் பல, அசிட்டோன் இல்லாதவை. அதைத் தேய்த்துத் தேய்த்து வாழ்க்கை வெறுத்துப்போகலாம். அசிட்டோன் உள்ளதே கிடைத்தாலும், அசிட்டேட் நூல் கலந்த பளபளாத் துணி அதில் கரைந்துவிடும். கறை போகும், கூடவே அந்த இடமும் போகும். 'கறை இருந்த இடமே தெரியாது' என்று எழுதினார்களே, அது இந்த அர்த்தத்தில் முழுக்க உண்மை.

இன்னொன்று. அசிட்டோன், பெட்ரோல், தின்னர் எல்லாம் குப்பென்று பற்றுகிற சரக்கு. அசிட்டோன் ஆவி, மைனஸ் 20 டிகிரி குளிரிலேயே தீப்பிடிக்கத் தயாராக இருக்கும். நம் வீடுகளில் துணி துவைக்கிற இடம் எது? அடுக்களையை ஒட்டின பின்கட்டு. ஃப்ளாட் என்றால் அடுக்களையேதான். ஒரு பக்கம் அடுப்பு, இன்னொரு பக்கம் சாமி விளக்கு. 'ஜன்னலைத் திறந்து வைக்கவும், அடுப்பை அணைக்கவும்' என்று ஐந்து வார்த்தை சேர்த்தால் கட்டத்தில் இடம் போதாதா? மூன்று ஆச்சரியக்குறிக்கு மட்டும் இடம் இருக்கிறதே!

*

ஒரேயடியாகத் திட்டினால் அது விமர்சனமில்லை. நல்லதையும் சொல்ல வேண்டும்.

டிப்ஸ் பக்கங்கள் ஒரு காலத்தில் பெரிய காரியம் செய்தன. வீட்டு வேலையும் ஓர் அறிவுதான், அதற்கும் அச்சு மை செலவழிக்கலாம் என்று ஒத்துக்கொண்ட இடம் அது. எழுத்தாளர் என்று யாரும் கூப்பிடாத லட்சக்கணக்கான பெண்களின் பெயர் ஊரோடு சேர்ந்து அச்சில் வந்தது அந்த மூலையில்தான். அஞ்சலட்டை வாங்கி, மத்தியான வேலை முடிந்தபின் எழுதி, வாரா வாரம் கடையில் போய்ப் புரட்டிப் பார்த்திருப்பார்கள். அவர்களில் பலர் சொன்னது அவர்கள் கையால் செய்து பார்த்தது. 'முதலில் துணியின் உள்மடிப்பில் தேய்த்துப் பார்க்கவும்' என்று சேர்த்து எழுதிய ஒருவர் எங்கோ இருந்திருக்கிறார். அவருக்கு என் நமஸ்காரம். டிப்ஸ் இலக்கியத்தின் ஒரே நேர்மையான வரி அது.

கெட்டுப்போனது எங்கே என்றால், கையால் செய்யாதவர்கள் நகலெடுக்க ஆரம்பித்தபோது. ஆங்கிலப் புத்தகத்திலிருந்து தமிழுக்கு, தமிழ்ப் புத்தகத்திலிருந்து இணைப்புக்கு, இணைப்பிலிருந்து வீடியோவுக்கு. ஒவ்வொரு நகலிலும் ஒரு நிபந்தனை உதிர்ந்தது. 'காய்ந்த' என்பது போயிற்று. 'பருத்தித் துணி என்றால்' என்பது போயிற்று. கடைசியில் மிஞ்சினது பொருளும் அற்புதமும் மட்டும். வீடியோவில் கறை பட்டு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஈரப் பசையைத் தண்ணீரே போக்கிவிடும். பாராட்டு வினிகருக்குப் போகிறது.

இன்னொரு குறையும் உண்டு. இந்தக் குறிப்பு யாரைக் கூப்பிடுகிறது? 'இல்லத்தரசிகளே' என்கிறது. ஸ்கூல் ப்ராஜெக்ட் ஒட்டினது பையன். மேஜைக் கால் ஒட்டினது அப்பா. கறையை எடுப்பது மட்டும் அம்மா. 2005 வாக்கில் ஒரு சோப்புத் தூள் கம்பெனி 'கறை நல்லது' என்று விளம்பரம் செய்ய ஆரம்பித்தது. அழகான விளம்பரம்தான். கறை யாருக்கு நல்லது என்பதை மட்டும் சொல்லவில்லை. துவைக்கிறவரைக் கேட்டிருந்தால் வேறு தலைப்பு கிடைத்திருக்கும்.

இந்தக் குறிப்புக்குக் கறை என்பது ஒரு விபத்து. எப்போதாவது நடப்பது. நல்ல சட்டையில் பட்டுவிட்ட அபசகுனம். பசையே வேலையாக இருப்பவர்கள் இந்தப் பக்கங்களில் இல்லை. பெட்டி ஒட்டுகிறவருக்கும் பைண்டிங் செய்கிறவருக்கும் போஸ்டர் ஒட்டுகிறவருக்கும் பசை கறையில்லை, யூனிஃபார்ம். 1990-ல் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம், சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் இருந்த குழந்தைகளைக் காட்டியது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதே சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் பெரிய தீர்ப்பு ஒன்றைச் சொன்னது. அந்த வருஷங்களிலும் பத்திரிகையின் மூலைக் கட்டத்தில் பசைக் கறை போக வழி வந்துகொண்டுதான் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. டிப்ஸ் எழுதினவர்களின் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு எழுத்து வகை யாரைப் பார்க்காமல் விட்டது என்பதையும் விமர்சகன் எழுதித்தான் ஆக வேண்டும்.

*

சரி, குறை சொல்லியாச்சு. நீ எழுதேன் பார்ப்போம் என்பீர்கள். நியாயம். என் வடிவம் இது. பத்திரிகைகள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், சன்மானம் வேண்டாம்.

பசை பட்டால் முதலில் ஐந்து கேள்வி.

துணி உடம்பில் இருக்கிறதா? பட்டது சூப்பர் க்ளூ என்றால் பஞ்சும் துணியும் கொண்டு துடைக்காதீர்கள். குளிர்ந்த தண்ணீரை நிறைய ஊற்றுங்கள். தோலோடு ஒட்டியிருந்தால் பிய்த்து இழுக்காதீர்கள். சோப்புத் தண்ணீரில் ஊற விட்டு மெதுவாகப் பிரியுங்கள். தோல் சுட்டிருந்தாலோ கண்ணில் பட்டிருந்தாலோ டிப்ஸ் தேடாமல் டாக்டரிடம் போங்கள்.

என்ன பசை? மாவுப் பசை என்றால் வெதுவெதுப்பான தண்ணீர், என்சைம் உள்ள சோப்புத் தூள். வெள்ளைப் பசை என்றால் ஈரத்தில் குழாய்த் தண்ணீர், காய்ந்த பின் வெந்நீரும் ஸ்பிரிட்டும். சூயிங்கம் மாதிரிப் பிசினுக்கு ஐஸ். காய்ந்த சூப்பர் க்ளூவுக்கு அசிட்டோன், ஜன்னலைத் திறந்து, அடுப்பையும் விளக்கையும் அணைத்துவிட்டு.

என்ன துணி? காலரில் தைத்திருக்கும் லேபிளைப் படியுங்கள். பட்டு, அசிட்டேட், ஜரிகை, பிரிண்ட் என்றால் கை வைக்காமல் தெரிந்தவரிடம் கொடுங்கள். எதுவானாலும் முதலில் உள்மடிப்பில் சோதனை.

ஈரமா, காய்ந்ததா? ஈரம் என்றால் ஓடுங்கள். காய்ந்தது என்றால் அவசரமே இல்லை, உட்கார்ந்து யோசியுங்கள்.

கடைசிக் கேள்வி, பி.காம். கேள்வி. துணியின் இன்றைய மதிப்பு என்ன? நானூறு ரூபாய்க்கு வாங்கி மூணு வருஷம் போட்ட சட்டைக்குத் தேய்மானம் கழித்தால் ஏட்டு மதிப்பு பூஜ்யத்துக்குப் பக்கம். அதைக் காப்பாற்ற அசிட்டோன் பாட்டிலும், ஒரு ஞாயிற்றுக்கிழமையும், வீட்டில் ஒருவருடைய முதுகுவலியும் செலவழிப்பது நல்ல முதலீடு இல்லை. அந்தக் கறையோடே வீட்டில் போட்டுக்கொள்ளலாம். அடுத்த முறை பசை எடுக்கும்போது அதையே மாட்டிக்கொள்ளலாம்.

இது கட்டத்துக்குள் அடங்காது என்று எனக்கும் தெரியும். அடங்கித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டே வார்த்தை போடுங்கள். வன்னியம்பட்டிப் பக்கத்து அண்ணாச்சி முதலில் கேட்கிற அதே இரண்டு வார்த்தை. 'என்ன கறை?'

பதில் தெரியாத வரைக்கும் பாட்டில் மூடியைத் திறக்காதீர்கள்.